விஜயதசமி அன்று ஹரி படித்த பாடம்

மட்டாஞ்சேரி
8 ஜூன் 2025

பாக்யா,

நேற்று பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போன் இப்போது ஆறு பிள்ளைகளுக்கும் பொதுச் சொத்து. பாடம் பார்க்கிற சாக்கில் எனக்கு வருகிற செய்தியையெல்லாம் எனக்கு முன்னால் அவர்கள் படித்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் காகிதம். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

உன்னைக் கேட்காமல் ஹரியின் டி.சி.யை வாங்கியது தப்புதான். மற்ற ஐந்து பேருக்கும் வாங்கும்போது அவனை மட்டும் விட்டுவைக்கத் தோன்றவில்லை. ஆனால், "என் பிள்ளையை வச்சுப் பரீட்சை பண்ணிப் பாக்கறேளா மன்னி" என்று கேட்டாயே, அது ரொம்பச் சுட்டது. இரண்டு வருஷமாக அவன் இந்த வீட்டில் இருக்கிறான். என் தன்யாவுக்கு ஒரு மாதிரி, அவனுக்கு ஒரு மாதிரி என்று நான் பரிமாறியது உண்டா?

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஏழு வருஷம் உழைத்தது உனக்குத் தெரியும். மார்ச்சில் கூப்பிட்டு உட்காரவைத்து, சாயாவும் கொடுத்து, அடுத்த வருஷத்துக்கு வேறு ஆள் பார்த்தாச்சு டீச்சர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதே வாசலில் தினமும் ஆறு பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வர என்னால் ஆகாது. பி.எட். படித்தவள் வீட்டில் சும்மா இருக்கும்போது பிள்ளைகள் ஏன் வெளியே போகணும் என்று உன் அண்ணாவிடம் கேட்டேன். வழக்கம்போல "உன் இஷ்டம்" என்றார். பெரியண்ணாவும் பெரிய மன்னியும் காலையில் எர்ணாகுளம் பிராட்வேக்குப் பாத்திரக் கடை திறக்கப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். அவர்களுடைய இரண்டையும் யார் பார்த்துக்கொண்டாலும் அவர்களுக்குச் சரி.

ஆறு பேர், ஆறு வகுப்பு, ஒரே ஒரு வாத்தியார், எப்படி நடக்கும் என்று கேட்டாய். நடத்திக் காட்டுகிறேன். என் அப்பா வேத பாடசாலையில் சந்தை சொல்லிக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். சந்தை என்றால் வேறொன்றும் இல்லை, வாத்தியார் ஒருதரம் சொல்லுவார், பிள்ளைகள் இரண்டுதரம் திருப்பிச் சொல்லுவார்கள். அதைத்தான் எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நான் ரோஹனுக்குச் சொல்லுவேன். ரோஹன் பெரியவன், அவன் தனக்கு அடுத்தவனுக்குச் சொல்லுவான். இப்படியே இறங்கி வந்து தன்யா ஹரிக்குச் சொல்லுவாள். சொல்லிக்கொடுப்பவருக்கும் பாடம் பதியும், கேட்பவருக்கும் பதியும். காலையில் குளித்துச் சுலோகம் சொன்னதும் கணக்கு, இட்லிக்கு அப்புறம் பாஷை, மத்தியானம் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்தபிறகு சயன்ஸ், வெயில் தாழ்ந்ததும் விளையாட்டு. பாத்திரம் பையன்களுக்கும் உண்டு.

நவராத்திரிக்கு வந்து பார். அதற்கு அப்புறம் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

சீதா மன்னி


கோயம்புத்தூர்
19 ஜூன் 2025

மன்னிக்கு நமஸ்காரம்.

கிழிக்கவில்லை. இரண்டுதரம் படித்தேன், உங்கள் பாடசாலை முறைப்படியே.

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இந்த விடுதியில் பெண்களை அதட்டி அதட்டி என் நாக்கு இப்படி ஆகிவிட்டது. போனை ஏன் வைத்தேன் என்றால், இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அழுதிருப்பேன். ஹரியின் அப்பா எங்களை விட்டுப் போனபின் எனக்குக் கிடைத்தது இந்த விடுதி வேலை ஒன்றுதான். பெண்கள் விடுதியில் பையன் தங்கக் கூடாது. அதனால் அவனை உங்களிடம் விட்டேன். பிள்ளையை விட்டவளுக்கு வாய் கிடையாது என்று எனக்குத் தெரியாதா என்ன?

உங்கள் அட்டவணை பிரமாதமாக இருக்கிறது. பிள்ளைகள் சண்டை போட மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. அதை எதற்குள் சொருகுவார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சிரிப்பு போதும். என் கவலையைச் சொல்கிறேன். அடுத்த ஜூனில் எப்படியாவது வெளியே ஒரு அறை எடுத்து அவனை அழைத்துக்கொள்வது என்று இருக்கிறேன். விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் கொண்டுவிட்டு அழைத்து வர எனக்கு ஆள் இல்லை. அவன் என்னோடு இருப்பதும் இல்லாததும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது மன்னி.

விஜயதசமி அன்று பூஜையிலிருந்து புத்தகத்தை எடுத்து எல்லாரும் படிப்பீர்களே, அன்றைக்கு அவன் படிப்பதை என் காதால் கேட்டுவிட்டால் போதும். இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாக்கியலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
24 ஆகஸ்ட் 2025

பாக்யா,

நீ சொன்னது பலித்தது. சண்டை எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. கணக்கு நேரத்தில் கேஸ் சிலிண்டர் வருகிறது, சயன்ஸ் நேரத்தில் பெரிய மன்னி கடையிலிருந்து கூப்பிட்டுப் பருப்பை ஊறப் போடு என்கிறாள். ரோஹன் வாத்தியார் வேலையை ரொம்ப ரசிக்கிறான். தம்பியை முட்டி போடவைத்துவிட்டு வாசலில் போய்க் காற்று வாங்குகிறான். இருந்தாலும் தள்ளிக்கொண்டு போகிறேன். பக்கத்து வீட்டுச் சேச்சி ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, "நம்மட ஸ்கூளினேக்காள் பேஷ்" என்று, ஊர்ப் பள்ளிக்கூடத்தைவிட இதுவே மேல் என்று மெச்சினாள்.

ஹரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் உன் அண்ணாவின் சிநேகிதர் செல்லப்பா மாமா வந்திருந்தார். ஏதாவது படித்துக் காட்டேன் என்று ஹரியைக் கேட்டார். குழந்தை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மழைப் பாடம் முழுவதையும் எங்கேயும் தட்டாமல் தடுக்காமல் படித்தான். மாமா அசந்துபோய், "ஏகசந்தக்ராஹின்னு சொல்லுவாளே, அது இவனாக்கும்" என்றார். ஒரே ஒருதரம் கேட்டதும் பிடித்துக்கொள்கிற குழந்தை என்று அர்த்தம். என் அப்பாவின் பாடசாலையில் அப்படி ஒரு பையன் வந்தால் ஊரே பேசும். என் நாத்தனார் பிள்ளை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னை வேண்டாம் என்ற பள்ளிக்கூடத்துக்காரர்களின் காதில் இது விழணும் என்றுகூட நினைத்தேன்.

இவ்வளவும் எழுதி வைத்து இரண்டு நாள் ஆயிற்று. தபாலில் போடவில்லை.

நவராத்திரிக்கு ரயிலில் கூட்டம் தாங்காது. லீவு சிரமமாக இருந்தால் அவசரப்பட்டு வராதே, தீபாவளி கழித்து நிதானமாக வரலாம். ஹரிக்குக் கொஞ்சம் ஜலதோஷம் வேறு. கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

சீதா மன்னி


கோயம்புத்தூர்
7 அக்டோபர் 2025

மன்னிக்கு நமஸ்காரம்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த சுண்டலை விடுதிப் பெண்கள் ஒரு நிமிஷத்தில் காலி பண்ணிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது பாத்திரம்தான்.

விஜயதசமி அன்று ஹரி படித்தது இன்னும் காதிலேயே இருக்கிறது. பெரியண்ணாகூடக் கை தட்டினார். நீங்கள் மட்டும் தட்டவில்லை, திரும்பி நின்று விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தீர்கள். தன்யா எங்கே போனாள் என்று தேடினேன், அடுக்களையில் இருந்தாள். அவளுக்கு வாங்கி வந்த வளையலை ஏன் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றாள்? பிடிக்கவில்லையானால் மாற்றித் தருகிறேன்.

எனக்காக நீங்கள் பட்ட பாட்டுக்கு என்ன சொல்வது. ரொம்ப உபகாரம்.

ஒன்று மட்டும். அவனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக, வெளிச்சத்தில் உட்காரவைத்துப் படிக்க வையுங்கள்.

ஏப்ரலில் என் வேலை நிரந்தரமாகும் என்கிறார்கள். அதுவரைக்கும் அவன் அங்கே இருப்பதில் உங்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லையே? இதைக் கேட்கவே கூசுகிறது. இல்லை என்று ஒரு வரி எழுதினால் நிம்மதியாக இருப்பேன்.

பாக்கியலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
16 நவம்பர் 2025

பாக்யா,

ரொம்ப உபகாரம் என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு வார்த்தை இத்தனை நாளாக என்னைச் சோறு தின்னவிடவில்லை. இதைப் படித்தபிறகு என் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஹரிக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு வரிகூட, ஒரு வார்த்தைகூட. விஜயதசமி அன்று நீ கேட்டது வாசிப்பு இல்லை. தன்யாவை உட்காரவைத்து, சந்தை சொல்லச் சொல்லி நான் ஏற்றிய பாடம். எந்த வார்த்தை வந்ததும் பக்கத்தைத் திருப்பணும் என்பதையும் சேர்த்தே ஏற்றினோம்.

எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள், பாதியில் அவன் வாசிப்பை இன்னொருதரம் கேட்கலாம் என்று ஆசையாகக் கூப்பிட்டேன். அட்டை ஒரே நிறம் என்பதால் தன்யாவின் புத்தகத்தைத் தவறிக் கொடுத்துவிட்டேன். அவன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவனுடைய மழைப் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரைக்கும் சொன்னான். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு சிங்கத்தின் படம். திருப்ப வேண்டிய இடத்தில் பக்கத்தைத் திருப்பினான், அங்கே ஒரு காடு. எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தை தப்பில்லாமல் ஒப்பித்தால் உச்சி முகர்ந்து கொண்டாடுவோமே தவிர, புத்தகத்தைப் பிடுங்கி எது எந்த எழுத்து என்று யாரும் கேட்கமாட்டோம். நானும் கேட்கவில்லை. ஏழு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடவில்லை. பெரிய மன்னி வாய்க்குள் சிரிப்பாள், பள்ளிக்கூடத்துக்குச் சமாசாரம் போய்விடும், ஒரு குழந்தைக்கு எழுத்துச் சொல்லித்தரத் துப்பில்லாதவளா ஆறு பேரை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினாள் என்பார்கள். இதுதான் என் மண்டையில் ஓடியது. ஹரியின் நினைப்பு ஓடவில்லை. தன்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை வந்துட்டுப் போற வரைக்கும் அவனுக்கு ஒரு பாடத்தை நன்னா ஏத்தி வை. அப்புறம் நிதானமா எழுத்துப் பழக்கிக்கலாம்" என்றேன். நீ புறப்பட்டுப் போனபிறகும் அந்த நிதானம் வரவில்லை.

போன வாரம் தன்யா சந்தைக்கு உட்காரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. "அடிச்சாலும் சொல்லமாட்டேன். அத்தைக்கு நான் பொய் சொல்லியாச்சு, நீதான் சொல்லச் சொன்னே. அவன் வாசல் கோலத்தையே கண்ணைச் சுருக்கிண்டுதான் பாக்கறான். அது நோக்குத் தெரியுமாம்மா?" என்றாள். பத்து வயசுப் பெண்ணுக்கு முன்னால் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாளே எர்ணாகுளத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் பவர் இருக்கிறது, இடது கண்ணில் ரொம்ப அதிகம். வெகுநாளாக மங்கலாகவே பார்த்ததில் அந்தக் கண் பார்க்கிற வேலையையே விட்டுவிட்டதாம். கண்ணாடி போட்டு, வலது கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் கட்டி வைத்து, இடது கண்ணை வேலை வாங்கணும். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் எளிது, இப்போதும் முடியும், ஆனால் எவ்வளவு தேறும் என்று உறுதி சொல்வதற்கில்லை என்றார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "டீச்சரானோ?" என்று கேட்டார். நான் டீச்சரா என்று கேட்கிறார். சீட்டை வாங்கிக்கொண்டு ஹரியோடு வெளியே வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு ஜூலையும், ஒன்றாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்ய ஆட்கள் வருவார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்வது என் வேலையாகத்தான் இருந்தது. போன வருஷம் அந்தச் சமயத்தில் ஹரி அம்மை போட்டுப் படுத்திருந்தான். இந்த வருஷம் அவன் அங்கே இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

உன் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சீதா


கோயம்புத்தூர்
25 நவம்பர் 2025

மன்னி,

முதலில் உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். தபால்பெட்டிவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து அடுப்பில் போட்டேன். உங்களைத் திட்ட எனக்கு முகம் இல்லை. ஏனென்றால் எனக்கும் தெரியும்.

ரயில் ஏற்றிவிட ரோஹனும் ஹரியும் ஸ்டேஷனுக்கு வந்தார்களே. ரோஹன் தண்ணீர் வாங்கப் போனான். நான் சும்மா ஆசைக்கு, எதிரே இருந்த கடைப் பலகையைக் காட்டி, "கண்ணா, அதில என்ன போட்டிருக்கு, படி பார்க்கலாம்" என்றேன். "நீ ஒருதரம் சொல்லும்மா, நான் ரெண்டுதரம் சொல்றேன்" என்றான். பையிலிருந்த படக்கதைப் புத்தகத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அவன் அதைத் திறக்கவில்லை, அட்டையைத் தடவிக்கொண்டே, "ஆத்துல போய்ப் படிச்சுக்கறேன்" என்றான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குள் ரயில் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன்.

ஏறியிருக்கக் கூடாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாசலுக்குத் திரும்பி வந்து, என்ன மன்னி இது என்று கேட்டிருக்கணும். கேட்டால், அப்படியானால் உன் பிள்ளையை நீயே கூட்டிண்டு போ என்று நீங்கள் சொல்லிவிட்டால்? எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அந்தப் பயத்தில் பாலக்காடு தாண்டும்வரைக்கும் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்புறம் இங்கே வந்து உட்கார்ந்து உங்களுக்கு உபகாரம் என்று எழுதினேன். வெளிச்சத்தில் உட்காரவையுங்கள் என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுதினேன். நீங்கள் நாலு பேர் சிரிப்பார்களே என்று மறைத்தீர்கள். நான் பெற்றவள். பிள்ளைக்கு ஒரு கூரை போய்விடுமே என்று அவன் கண்ணை விட்டுக்கொடுத்தேன். நம்மில் யார் அதிகம் வெட்கப்படணும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த ஜூனில் அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கப்போவதில்லை. அது போகட்டும். தன்யாவிடம் மட்டும் சொல்லுங்கள், அத்தைக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று.

ஒன்று எனக்குப் புரியவே இல்லை. தனக்குக் கண் தெரியவில்லை என்று அவனே ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை? போனில் கேட்டால் "நன்னா இருக்கேம்மா" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. நீங்கள் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

பாக்யா


மட்டாஞ்சேரி
3 டிசம்பர் 2025

பாக்யா,

ஆறு பேரையும் மறுபடி அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். நடு வருஷத்தில் எடுப்பது வழக்கமில்லை என்றார்கள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் வருவதும் போவதும் பார்ப்பதுமாக இருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு என்ன காரணம் என்று கேட்டார்கள். என்னால் சொல்லித்தர முடியவில்லை என்று சொன்னேன். ஹரியை இரண்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். கண்ணாடி வந்துவிட்டது. சாயங்காலம் வலது கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான். இப்போது சொல்லித்தருவது நான், ஒவ்வொரு எழுத்தாக. ரொம்ப மெதுவாகத்தான் போகிறது. இன்றைக்கு ஐந்து எழுத்துக்கு அப்புறம் கண் வலிக்கிறது என்றான், நிறுத்திவிட்டேன்.

தன்யாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். பெட்டியிலிருந்து வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நீ கேட்டதை அவனிடம் கேட்டேன். முதலில் மழுப்பினான். மடியில் உட்காரவைத்து, மாமி கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று சத்தியம் பண்ணினபிறகு சொன்னான். "அம்மாதான் சொன்னா. மாமாவாத்துல அங்கே வலிக்கறது இங்கே வலிக்கறதுன்னு சொல்லப்படாது. தொந்தரவு பண்ணினா வச்சுக்கமாட்டா."

உன்னை நோகடிக்க இதை எழுதவில்லை. பிள்ளையை இன்னொரு வீட்டில் விட்டுவிட்டுப் போகிற எந்த அம்மாவும் சொல்லக்கூடியதுதான். அது அப்படி இல்லையடா என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். நன்றாகப் படித்தால் மடியில் தூக்கி வைத்தேன். ஒப்பித்தால் வருபவர்களிடமெல்லாம் காட்டினேன். படிக்கிற பிள்ளைக்குத்தான் இந்த வீட்டில் இடம் என்று அவன் நினைத்துக்கொண்டதில் என்ன தப்பு?

பிறகு அவனே கேட்டான். "மாமி, கண்ணாடி போட்டுண்டும் நேக்குப் படிக்க வரலைன்னா, என்னை யார் வச்சுப்பா?"

"நாங்கதான்டா, வேற யாரு" என்றேன். சரி என்று தலையை ஆட்டினான். ஆனால் நம்பவில்லை. நான் எது சொன்னாலும் இப்படித்தான் தலையை ஆட்டுகிறான், எனக்கு வேண்டியதைச் செய்து காட்டிப் பழகிவிட்டான்.

லீவு தந்தாலும் தராவிட்டாலும் சனிக்கிழமை புறப்பட்டு வா. அவனுக்கு எதிரில் நீயும் நானும் சேர்ந்து உட்கார்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும். நான் தனியாகச் சொன்னால் அவன் நம்பமாட்டான்.

சீதா